சிவப்புக் கோட்டுக்கு மேல் ஒரு பிடி

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல. ஆர்டர் கொடுத்து வாங்கப்பட்டது. எழுதுகிறவர்கள் பொதுவாக இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மழையைப் பார்த்தேன், பஸ்ஸில் ஒரு முகத்தைப் பார்த்தேன், மனசு என்னவோ செய்தது என்பார்கள். எனக்கு மனசு ஒன்றும் செய்யவில்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வந்து கடையைத் திறந்தேன். என் மனைவி முபீனாவின் தம்பி நவ்சாத் உள்ளே வந்தான். துணி வெட்டும் மேசையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "மச்சான், எனக்கு ஒரு கதை வேணும்," என்றான்.

"என்ன கலர்ல?"

அவன் சிரிக்கவில்லை. நவ்சாத் சிரிக்கவில்லை என்றால் விஷயம் பெரிது.

அதற்கு முந்தைய வாரம் கோத்தா திங்கிக்கு அப்பால், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றில், தாழப் பறந்து உரம் தூவுகிற சின்ன விமானம் விழுந்துவிட்டது. ஓட்டிய கேப்டன் சுகுமாறன் இடுப்பெலும்பு முறிந்து ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த விமானத்துக்குத் தரையில் நின்று உரம் ஏற்றுகிற லோரியை ஓட்டுகிறவன் நவ்சாத். வரும் புதன்கிழமை விசாரணை அதிகாரி அவனை வரச் சொல்லியிருந்தார்.

"நீங்கதான் கதையெல்லாம் எழுதுறீங்களே மச்சான். நான் இப்படிச் சொன்னா இப்படி முடியும், அப்படிச் சொன்னா அப்படி முடியும்னு ரெண்டு மூணு மாதிரி எழுதிக் காட்டுங்க. எது நல்லா முடியுதோ அதைப் போய்ச் சொல்லிடுறேன்."

"கதையில நல்லா முடியறதும் வெளியில நல்லா முடியறதும் வேற வேற லா."

"எழுதித்தான் பாருங்களேன். சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க."

வியாபாரம் மந்தம் என்பதைச் சொந்தக்காரனால்தான் இவ்வளவு அன்பாகச் சொல்ல முடியும்.

2

முதல் தொடக்கம்:

செம்பனைக் கடலுக்கு மேலே, ஒரு மஞ்சள் பறவையைப் போல, அந்த விமானம் தன் சிறகுகளை

(வேண்டாம். பறவை மாதிரி இல்லவே இல்லை என்கிறான் நவ்சாத். "மோட்டர் வச்ச அண்டா மாதிரி இருக்கும் மச்சான். முதுகுல ஒரு ஓட்டை, வயித்துல ஒரு ஓட்டை. மேல போட்டா கீழ வரும்." அண்டாவை வைத்துக் கதை தொடங்கினால் வாசகர் பிரியாணி எதிர்பார்ப்பார்.)

இரண்டாம் தொடக்கம்:

கோத்தா திங்கி வட்டாரத்தில் விவசாயப் பணியில் ஈடுபட்டிருந்த இலகு ரக விமானம் ஒன்று நேற்றுப் பிற்பகல் விபத்துக்குள்ளானதில் விமானி

(இது பத்திரிகைக்காரர் எழுதியது. உண்மையில் இப்படித்தான் வந்தது, டுரியான் விலை பற்றிய செய்திக்குக் கீழே. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஒன்று மட்டும் குறை. இதில் நவ்சாத் இல்லை. அவன் இல்லாமல் இருப்பதுதான் அவனுக்கு நல்லது என்று என் மனைவி சொல்வாள். அவள் பிறகு வருவாள்.)

மூன்றாம் தொடக்கம், இதையே வைத்துக்கொள்கிறேன்:

லோரியின் பின்னால் ஓர் இரும்புக் கை. கையின் முனையில் பெரிய வாளி. வாளிக்குள் சுற்றிவர ஒரு சிவப்புக் கோடு. விமானம் செம்மண் ஓடுதளத்தில் இறங்கி, இன்ஜினை அணைக்காமலே லோரிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கோடு வரைக்கும் உரத்தை அள்ளி, வாளியை விமானத்தின் முதுகுக்கு மேல் தூக்கித் திறந்துவிட வேண்டும். அது உடனே கிளம்பிப் போய், செம்பனை மட்டைகளை உரசுகிற உயரத்தில் உரத்தைத் தூவிவிட்டுத் திரும்பும். மறுபடியும் வாளி. மறுபடியும் பறப்பு. மழை வந்து துரத்துகிற வரைக்கும் இதே வேலை.

கோடு வரைக்கும் அள்ளினால் போதும். நவ்சாத் கோடு வரைக்கும் அள்ளுவான். அப்புறம் லீவரை ஒரு சுண்டு சுண்டி, இன்னும் கொஞ்சம் அள்ளுவான்.

ஏன்?

(ஓர் அம்மா வந்து ரவிக்கைத் துணி கேட்கிறார். கொடுத்துவிட்டு வருகிறேன்.)

வந்துவிட்டேன். ஏன் என்று அவனைக் கேட்டேன். அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். "என்ன மச்சான் இப்படிக் கேக்குறீங்க? அளந்ததை மட்டும் எப்படிக் கொடுக்குறது? அசிங்கமா இருக்காது?"

அவன் வாப்பா மசாலாக் கடை வைத்திருந்தவர். தராசு நேராக நின்ற பிறகு, வாங்குகிறவர் கண்ணெதிரே, மிளகாயோ மல்லியோ இன்னும் ஒரு பிடி அள்ளிப் போடுவார். கொசுறு. தராசு காட்டுவது நியாயம், அதற்கு மேல் போடுவதுதான் மரியாதை என்பது எங்கள் ஆட்களின் சட்டம். நானும் இப்போது அந்த அம்மாவுக்குத் துணியை அளந்துவிட்டு நாலு விரல் தள்ளித்தான் வெட்டினேன். அளந்ததை அளந்தபடி கொடுப்பதற்குக் கடைக்காரன் எதற்கு, அளவுகோல் போதுமே. நவ்சாத்துக்கு லோரிக்காரன் வேலை கிடைத்தது, லைசன்ஸ் கிடைத்தது, தலையில் தொப்பி, காதில் அடைப்பான் எல்லாம் வந்தன. கை மட்டும் வாப்பாவின் கடையிலேயே இருந்தது.*

* தொழில் ரகசியம் ஒன்று. கொசுறு இனாம் கிடையாது. அந்த ஒரு பிடியையும் சேர்த்துத்தான் விலையே வைத்திருப்போம். கொடுப்பது போலக் கொடுப்போம், ஆனால் ஏற்கெனவே வாங்கியிருப்போம். இதை என் மாமனார் தன் மகனுக்குச் சொல்லித்தரவில்லை போலும். பையன் உண்மையாகவே கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

3

விபத்தை இப்போது எழுத வேண்டும். இதைத் தள்ளித் தள்ளிப் போடுகிறேன் என்று கவனித்திருப்பீர்கள்.

வெயில் கடுமை. கிழக்கே மேகம் கட்டத் தொடங்கியிருந்தது. கேப்டன் அவசரப்பட்டார், நவ்சாத்தும் அவசரப்பட்டான். வாளி திறந்தது, விமானம் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தது, ஓடியது, கிளம்பியது. ஓடுதளம் முடிகிற இடத்தில் ஒரு குன்று. வழக்கமாக அதன் தோளுக்கு மேலே ஏறி இடது பக்கம் திரும்பும். அன்றைக்கு ஏறிற்று, ஏறிற்று, ஏறுவது போலவே இருந்தது. பிறகு சக்கரம் ஒரு செம்பனையின் மட்டையில் மாட்டியது. விமானம்

நவ்சாத் பார்த்ததை அவன் வாயாலேயே தருகிறேன். நான் எழுதினால் மறுபடி பறவை வந்துவிடும்.

"தடுக்கி விழுற மாதிரி விழுந்துச்சு மச்சான். அவ்ளோதான். வாசப்படியில தடுக்குமே, அப்படி. நல்லவேளை அந்தப் பக்கம் சின்னக் கன்னுங்க, மண்ணு புதுசு. ஓடுறேன், ஓடுறேன், போய்ச் சேரவே மாட்டேங்குது. எல்லாம் வெள்ளையா இருக்கு. வாயெல்லாம் பாஜா."

பாஜா என்றால் உரம். தோட்டத்தில் தமிழர்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

"கேப்டன் தலைகீழா வாருல தொங்குறாரு. என்னைப் பார்த்து, தம்பி, இன்ஜின ஆஃப் பண்ணிட்டேன்ல, பாருன்னு கேக்குறாரு."

அந்த ஒரு பிடியால்தான் விழுந்ததா? தெரியாது. வந்து பார்த்த இன்ஜினியர் வெயிலைச் சொன்னாராம், சூட்டில் விமானம் ஏறத் திணறுமாம், குன்றுக்குப் பின்னாலிருந்து இறங்குகிற காற்றைச் சொன்னாராம். பாரத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பற்றிச் சொல்லக்கூடிய ஒரே ஆளை இன்னும் யாரும் கேட்கவில்லை. கொட்டின உரமெல்லாம் அன்றைய மழையில் கரைந்து கன்றுகளுக்குப் போய்விட்டது.

விசாரணையில் வேறு காரணம் எதுவும் வராவிட்டால், குன்றை ஏறத் தவறியது கேப்டனின் கணிப்புப் பிழை என்று முடியும். பறக்கும் உரிமம் போய்விடும். பாரம் கூட என்று நவ்சாத் சொன்னால், நவ்சாத்தின் வேலை போய்விடும். இனி எந்தத் தோட்டமும் அவனை எந்த வண்டியிலும் ஏற்றாது. அவன் என்னிடம் ஆர்டர் கொடுத்தது இதற்குத்தான். இரண்டில் ஒருவனுக்கு நல்லபடி முடிய வேண்டும், அந்த ஒருவன் யார் என்று நான் கதையில் போட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

4

எழுதும்போது இந்த நவ்சாத் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கதாபாத்திரமாகப் பார்த்தால் ரொம்ப நல்லவனாக இருக்கிறான். உரம் தோட்டத்துடையது, விமானம் கம்பெனியுடையது, இவன் யாருக்குக் கொசுறு போட்டான்? மரத்துக்கா? மரம் நாளைக்கும் இவன் கடைக்கே வருமா?

கேட்டேன்.

"கேப்டனுக்குத்தான்," என்றான். "அவர் நல்ல மனுசன். வேற என்னத்தக் கொடுக்கிறது அவருக்கு? அவர் வண்டி வந்து நிக்குது, எங்கையில வாளி இருக்கு."

சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இவ்வளவு முட்டாள்தனமான அன்பை என்னால் இட்டுக்கட்ட முடியாது.

5

முடிவு அ.

"கோடு வரைக்கும்தான் அள்ளினேன், துவான்," என்கிறான் நவ்சாத். (துவான் என்றால் மலாயில் ஐயா.) அதிகாரி தலையாட்டுகிறார். கேப்டன் சுகுமாறனின் உரிமம் போகிறது. அவர் ஊன்றுகோலோடு வீட்டில் உட்கார்ந்து வானத்தில் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னலுக்குப் போகிறார். தோட்டத்துக்கு வேறு விமானம் வருகிறது, வேறு கேப்டன் வருகிறார். நவ்சாத் முதல் வாளியை அள்ளுகிறான். சிவப்புக் கோடு. அவன் கை லீவரின் மேல்

முடிவு ஆ.

"கோட்டுக்கு மேலே அள்ளினேன், துவான். ஒவ்வொரு தடவையும்." வேலை போகிறது. சில மாதம் கழித்து உலு திராமில் நவ்சாத்தின் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நிற்கிறது. கேப்டன் இறங்குகிறார். கொஞ்சம் நொண்டுகிறார். உரிமம் திரும்பக் கிடைத்துவிட்டது என்கிறார். அவன் கையைப் பிடிக்கிறார். இருவர் கண்களும்

(போதும். துணிக்கடைக்காரனுக்குத் தெரியும், இது முதல் தண்ணியிலேயே சாயம் போகிற ரகம்.)

இரண்டையும் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் முபீனா படித்துக்கொண்டிருக்கிறாள்.

"இதென்னங்க, என் தம்பி சோத்துல கைய வச்சுக் கதை பண்றீங்க?"

"அவன்தான் கேட்டான்."

"அவன் கேப்பான். சின்னதுல நெருப்பைக்கூடக் கேட்டான், கொடுத்தோமா? முடிவு அ-வையே சொல்லட்டும். கோடு வரைக்கும் அள்ளினேன்னு."

"அது பொய்யில்லையா?"

"எப்படிப் பொய்யாவும்? கோடு வரைக்கும் அள்ளினானா இல்லையா?"

"அள்ளினான்."

"அப்ப அது உண்மை. அதுக்கு மேல அள்ளினது வேற விஷயம். அதைத் தனியாக் கேட்டா தனியாச் சொல்லிக்கலாம்."

இவள் என் மாமனாரின் மகள்தான் என்பதில் எனக்கு என்றைக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

நவ்சாத் வந்து படித்தான். உதட்டை அசைத்து அசைத்துப் படித்தான். முடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு," என்றான். பிடிக்காத புடவையை மடித்துத் திருப்பித் தருகிறவர்கள் குரல் அது.

"என்ன குறை, சொல்லு."

"ரெண்டுலயும் கேப்டனை நீங்களாவே ஆட வைக்கிறீங்க மச்சான். ஜன்னல்கிட்டப் போறாரு, கையைப் பிடிக்கிறாரு. அவரைக் கேட்டீங்களா?"

"நீ போடா, உனக்கு வேற வேலை இல்ல!" என்றாள் முபீனா. "கேப்டனைப் போய்க் கேக்கப் போறியா, உங்களைத் தள்ளிவிட்டது நான்தான், சரியான்னு?"

"ஆமா ராத்தா," என்றான் அவன்.

6

ஞாயிற்றுக்கிழமை போனோம். நான் எதற்குப் போனேன்? கதாசிரியனாகப் போனேன் என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மையில், பேரம் நடக்கும்போது நம்ம ஆள் பக்கத்தில் இன்னோர் ஆள் நிற்க வேண்டும் என்பது பழக்கம்.

கேப்டன் சுகுமாறன் கட்டிலில் மல்லாந்திருந்தார். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அவர் மனைவி வாசுகி பப்பாளித் துண்டை அவர் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தார்.

"வா தம்பி, வா! வாங்க பாய். நேத்துக்கூடக் காதுலேருந்து நர்ஸ் பாஜா எடுத்தாங்க. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா முளைச்சிருக்கும்."

"இந்தச் சிரிப்பெல்லாம் உங்க முன்னாலதான் பாய்," என்றார் வாசுகி. "நீங்க போனதும் ஆரம்பிச்சிடுவாரு. திரும்பப் பறக்க விடுவாங்களா, விடுவாங்களான்னு. என்னையக் கேட்டா? நான் என்ன லைசன்ஸ் ஆபீஸா?"

கேப்டன் சிரித்தார். "வேற ஒண்ணும் தெரியாதே எனக்கு. நீ போய் இவங்களுக்குக் கோப்பி வாங்கிட்டு வாயேன்."

வாசுகி போனார். நவ்சாத் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். காரில் வரும்போது நாலைந்து விதமாகப் பேசிப் பார்த்துக்கொண்டு வந்தவன், எல்லாவற்றையும் மறந்துவிட்டு நடுவிலிருந்து ஆரம்பித்தான்.

"கேப்டன், நான் ஒவ்வொரு வாளியிலயும்…"

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"கோட்டுக்கு மேல போடுவே. மொத வாரமே தெரியும். சீட்டுல உட்கார்ந்திருக்கிறவனுக்கு முதுகுல தெரியாதா?"

நவ்சாத் கட்டில் கம்பியை விட்டான்.

"ஏன் சொல்லல, கேப்டன்? வேணாம்னு ஒரு கையக் காட்டியிருந்தா…"

"ஏன் காட்டணும்? எல்லா வாளியிலயும் கொஞ்சம் கொஞ்சம் கூடினா, நாள் முடியறப்ப ஒரு நடை குறையும். மழைக்கு முன்ன முடிச்சிட்டு வீட்டுக்கு வந்திடலாம். அதையும் சேர்த்துத்தான் நான் கணக்குப் போட்டு ஓட்டிக்கிட்டிருந்தேன். அன்னைக்கும் தூக்கிடும்னுதான் நெனச்சேன். கொட்டிடறதுக்கு ஒரு லீவர் இருக்கு, இழுத்தா மொத்தமும் கீழ போயிடும். கை அதுமேலதான் இருந்துச்சு. என் சர்வீஸ்ல ஒரு லோடைக்கூட நான் கொட்டினதில்ல. அந்தத் திமிரு."

நான் எதிர்பார்த்தது நிம்மதி. நவ்சாத்தின் முகத்தில் வந்தது அது இல்லை. கொடுத்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது என்று அறிகிறவனின் முகத்தை எப்படி வர்ணிப்பது? எழுதினேன், அடித்தேன். மறுபடி எழுதினேன். அடித்ததே இருக்கட்டும்.

கேப்டன் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"புதன்கிழமை சொல்லப்போறியா?"

"சொல்லலன்னா எல்லாம் உங்க மேல போயிடும்."

"சொல்லு. சொல்றதுதான் சரி. ஆனா அடுத்து ஒண்ணு கேப்பாங்க தம்பி. கேப்டனுக்குத் தெரியுமான்னு. எவ்வளவு ஏத்தினாலும் தூக்குறவன்தான் பொறுப்பு, சட்டம் அப்படி. தெரிஞ்சேதான் தூக்கினாருன்னு ஆச்சுன்னா எனக்கு இனிமே சைக்கிள்கூடக் கொடுக்க மாட்டாங்க. தெரியாதுன்னு சொல்லிடு. ஒரே வார்த்தை."

"நான் உள்ளதைச் சொல்லத்தான் வந்தேன், கேப்டன்."

"உள்ளதைத்தானே சொல்லச் சொல்றேன். கடைசி ஒரு வார்த்தை மட்டும்…" அவர் முடிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "பாய், நீங்க யாவாரம் பண்றவங்க. நியாயமாத்தானே கேக்குறேன்? அவன் வேலை எப்படியும் போகத்தான் போவுது. என்னுதாச்சும் நிக்கட்டுமே."

எந்த விலை சொன்னாலும் எதிர்விலை சொல்லாமல் நான் வாயை மூடியதில்லை. விமான டிக்கெட்டில்கூடக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவர் கேட்டது அநியாயம் என்று சொல்ல முடியவில்லை. நியாயம் என்றும் சொல்ல முடியவில்லை. இரண்டு பேர் சேர்ந்து செய்த தப்பில் ஒருவர் வெளியே வர இடமிருக்கிறது, இன்னொருவர் தோளில் ஏறி வர வேண்டும். தோள் கொடுப்பவன் ஏற்கெனவே குனிந்துதான் நிற்கிறான்.

வாசுகி பிளாஸ்டிக் பைகளில் கட்டிய கோப்பியைக் கயிற்றில் தொங்கவிட்டபடி வந்தார். முதல் பொட்டலத்தை நவ்சாத் கையில் கொடுத்தார்.

"நீங்கதான் ஓடிப்போய் இவரை வெளியே இழுத்தீங்களாம். சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போறாரு. குடிங்க. சீனி போதுமா?"

"போதும், அக்கா," என்றான் நவ்சாத். அவன் இன்னும் உறிஞ்சியிருக்கவில்லை.

7

ஆகவே முடிவு ஆ செத்துவிட்டது. அதில் உண்மையைச் சொல்கிற நவ்சாத்துக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. இப்போது இரண்டு.

முடிவு இ: "தெரியும், துவான்." இருவருக்கும் எல்லாம் போகிறது. உண்மை மட்டும் மிச்சம். அதை வைத்துக்கொண்டு இரண்டு குடும்பமும்

முடிவு ஈ: "தெரியாது, துவான்." கேப்டன் பறக்கிறார். நவ்சாத் தன் வேலையையும் கொடுத்து, அதற்கு மேல் ஒரு பொய்யையும்

முடிவு அ-வுக்கே திரும்பிப் போனால் என்ன? வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டால்? அப்போதும் கேப்டனுடைய உரிமம் போகும். கட்டிலில் கிடந்துகொண்டு அவர் நவ்சாத்தை மாட்டிவிடவும் மாட்டார், ஏனென்றால் மாட்டிவிட்டால் தானும் மாட்டிக்கொள்வார். இதை நான் சொல்லாமலே முபீனா கண்டுபிடித்துவிட்டாள். சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "பார்த்தீங்களா, அவராலும் வாயைத் திறக்க முடியாது. அப்ப என்ன பயம்?" சொல்லிவிட்டு, கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "அந்தக் கேப்டன் பொஞ்சாதிக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அதை எழுதிவைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை முழுக்கக் கடையில் உட்கார்ந்து நாலு முடிவையும் மாற்றி மாற்றி எழுதினேன். ஒரு வரி எழுதுவேன், வாசலுக்குப் போய் நிற்பேன். வந்து அடிப்பேன். ஒரு பயம் பிடித்துக்கொண்டது. நான் எதை நன்றாக எழுதுகிறேனோ அதைத்தான் நவ்சாத் போய்ச் சொல்வான். அப்படித்தானே ஆர்டர். என் வாக்கியம் ஒழுங்காக வந்துவிட்டது என்பதற்காக ஒருத்தனுடைய வேலையோ இன்னொருத்தனுடைய வானமோ போகலாமா? வேண்டுமென்றே மோசமாக எழுதினேன். அது சுலபமாகவே வந்தது.

8

புதன்கிழமை காலை. உலு திராமிலிருந்து அவனை நான்தான் காரில் கூட்டிப்போனேன். டவுனை நெருங்க நெருங்க நெரிசல். சட்டையின் மேல் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தான்.

"மச்சான், எழுதினதைக் கொடுங்க."

"இல்ல."

"எழுதலையா?"

"எழுதினேன். தர மாட்டேன்."

திட்டுவான் என்று நினைத்தேன். அவன் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டான். பிறகு, "சரி, நீங்க அதிகாரி. கேளுங்க. நான் சொல்லிப் பாக்குறேன்," என்றான்.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "எவ்வளவு அள்ளினீங்க?"

"கோட்டுக்கு மேல, துவான். ஒவ்வொரு வாளியிலயும்."

தயங்கவேயில்லை. முடிவு அ அங்கேயே முடிந்துவிட்டது.

"யார் சொல்லி?"

"யாரும் சொல்லல. என் கைப்பழக்கம்."

"கேப்டனுக்குத் தெரியுமா?"

முன்னால் இருந்த கார் நகர்ந்துவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நவ்சாத் என்னைத் திரும்பிப் பார்த்து வாயைத் திறந்தான்.

"எங்கிட்டச் சொல்லாதே," என்றேன்.

"ஏன் மச்சான்?"

"சொன்னா எழுதிடுவேன்."

அலுவலக வாசலில் இறங்கினான். சட்டையை உள்ளே செருகிக்கொண்டு, சலாம் சொல்லிவிட்டுப் போனான். நான் காரை ஓர் ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்மேல் தாளை வைத்து இதை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். விமானத்தின் நிறத்தை மாற்றியிருக்கிறேன். சுகுமாறன் என்று ஒரு கேப்டனைத் தேடிக்கொண்டு போகாதீர்கள்.

ஆனால் மாற்றாமல் விட்டது ஒன்று இருக்கிறது. வாசுகியைக் கோப்பி வாங்க அனுப்பிவிட்டு அவர் தாழ்ந்த குரலில் சொன்னபோது, கட்டிலைச் சுற்றி நவ்சாத் இருந்தான், நான் இருந்தேன், இதைப் படிக்கிற நீங்களும் இருந்தீர்கள். என்னை விடுங்கள், நான் அவனுடைய மச்சான். எந்தப் பக்கம் பேசினாலும் என் பேச்சுக்கு மதிப்பில்லை. உங்களுக்கு அவன் தம்பியில்லை. அவர் மனைவி கையால் நீங்கள் கோப்பி வாங்கிக் குடிக்கவில்லை. இவ்வளவு தூரம் வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டும் இருந்தீர்கள்.

உள்ளே நவ்சாத் ஏதோ சொல்லிவிட்டான். என்ன என்று எனக்குத் தெரியாது. அலுவலகக் கதவு திறக்கிறது. அதிகாரி வெளியே எட்டிப் பார்க்கிறார். என்னைத் தாண்டிப் பார்க்கிறார். உங்களைத்தான் கூப்பிடுகிறார்.

போங்கள். நாற்காலி போட்டிருக்கிறார்கள். கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான்.

கேப்டனுக்குத் தெரியுமா?